ஆர்.சி. என் பேரில், இன்சூரன்ஸ் பழைய ஓனர் பேரில்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி 38-ஆவது நாள். மழையில் பிரேக் பிடித்தும் நிற்காமல், முன்னால் போன லோடு ஆட்டோவின் பின்பக்கத்தில் இடித்துவிட்டேன். யாருக்கும் அடி இல்லை. பம்பர் பிளந்தது, ஒரு ஹெட்லைட் போச்சு, பானெட் மடங்கியது. முழு இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாதம் இருக்கிறதே என்று நான் பதறக்கூட இல்லை.

ஆட்டோக்காரர், "கேஸெல்லாம் வேணாம் சார், டோருக்கு ஏதாவது பாத்துக் குடுங்க" என்றார். 3,000 ரூபாய் கொடுத்தேன். நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி கவர் எதற்கு இருக்கிறது என்று நண்பர்கள் பிறகு கேட்டார்கள். அது ரோட்டில் நின்று காசு கொடுக்கிற கவர் இல்லை. போலீஸ் புகார், அப்புறம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று போக வேண்டும். உயிர்ச்சேதம், காயம் என்றால் அதற்கு உச்சவரம்பே இல்லை, பெரிய பலம்தான். அடுத்தவர் சொத்துக்கு 7.5 லட்சம் வரை. ஒரு தகர டோருக்காக யார் அந்தப் படி ஏறுவார்கள்?

ஒர்க்‌ஷாப்பில் சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். போட்டோ எடுத்தார், பேப்பர்களைப் புரட்டினார். "ஆர்.சி.யில உங்க பேரு. பாலிசியில இருக்கறவர் யாரு சார்?"

"பழைய ஓனர்."

பேனாவை மூடிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அப்போதே புரிந்துவிட்டது.

வண்டி வாங்கித் தந்த புரோக்கர், "இன்சூரன்ஸும் வண்டியோடயே வந்துடும்" என்று சொல்லியிருந்தார். பாதி உண்மை. அந்தப் பாதிதான் என்னைக் கவிழ்த்தது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆவது பிரிவுப்படி, வண்டி கைமாறினால் தேர்டு பார்ட்டி பகுதி தானாகவே புது ஓனருக்கு வந்துவிடும். நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதி அப்படி வராது. 14 நாளுக்குள் நாமே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். ஆர்.சி. மாற்றம் தகராறில்லாமல் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டேன். இன்னொன்று தெரிந்தபோது வயிற்றைக் கலக்கியது: ஓனர் டிரைவருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பும் பழையவர் பேரில்தான். நான் 38 நாள் அதுவும் இல்லாமல்தான் ஓட்டியிருக்கிறேன்.

நிராகரிப்புக் கடிதம் நாலு வரி. பில் 41,000 ரூபாய், முழுக்க என் பணம். ஆத்திரத்தில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன்: கிளெய்மை ஏற்றிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? அந்தப் பாலிசியில், பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் இல்லை. அதனால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். பம்பரும் ஹெட்லைட்டும் அதில் அடக்கம். என் வண்டிக்கு நாலு வயது முடிந்திருந்தது, இரும்புப் பாகத்துக்கு 35 சதவீதம் தேய்மானக் கழிவு. பெயின்டிலும் கொஞ்சம் போகும். 1500 சிசி-க்குக் கீழே என்பதால், ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. கண்ணாடிக்கு மட்டும் தேய்மானக் கழிவு கிடையாது, எனக்கோ கண்ணாடி உடையவே இல்லை! ஆக, எல்லாம் சரியாக இருந்தாலும் 14,000-க்கு மேல் கையை விட்டுப் போயிருக்கும். முழு இன்சூரன்ஸ் என்ற பேரை நம்பிக்கொண்டிருந்தேன்.

பாலிசியில் பேர் மாற்றத்துக்கு இன்சூரன்ஸ் ஆபீசுக்கு அலைந்தது தனிக் கதை. முதல் தடவை கவுன்டரில், "பழைய ஓனர்கிட்ட சம்மதக் கடிதம் வாங்கிட்டு வாங்க" என்றார்கள். ஒரு ஞாயிறு முழுக்கச் செலவழித்து வாங்கி வந்தேன். இரண்டாம் தடவை, "வண்டிய இன்ஸ்பெக்‌ஷன் பண்ணணுமே." பம்பர் இல்லாமல் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது என்றேன். "அப்ப ரெடி பண்ணிட்டு வாங்க." இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். மூன்றாம் தடவை என்.சி.பி. என்று ஒன்று கிளம்பியது. கிளெய்ம் வாங்காத வருடங்களுக்குத் தரும் தள்ளுபடி அது, 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை போகும். அது வண்டிக்கு இல்லை, ஆளுக்கு. பழைய ஓனர் தன் 45 சதவீதத்தைப் புதுக் காருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீதி மாதங்களுக்கான வித்தியாசத்தை நான் கட்ட வேண்டும்.

கட்டினேன். அன்றுதான் புத்தி வந்து, "இன்னும் என்னென்ன வேணும்னு மொத்தமா எழுதிக் குடுத்துடுங்க மேடம்" என்றேன். ஒரு பழைய ஃபார்மின் பின்பக்கத்தில் ஐந்து வரி எழுதிக் கொடுத்தார். அந்த ஐந்து வரியை முதல் நாளே கேட்டு வாங்குங்கள், இரண்டு நடை மிச்சம்.

ரினியூவலுக்குள் நான் பாதி ஏஜென்ட் ஆகிவிட்டேன். ஐந்து வயது தாண்டிய வண்டிக்குப் பல இடங்களில் ஜீரோ டெப் தரவில்லை, விசாரித்து ஒன்றில் பிடித்தேன். இன்ஜின் புரொடெக்டும் போட்டேன். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் மாட்டிக்கொண்டால், சாதாரண பாலிசி அதை விபத்தின் சேதமாகவே எடுத்துக்கொள்ளாது. மழைக்காலத்தில் என் தெரு குளம்தான். வண்டி அடியோடு போனால் வாங்கின பில் விலையையே தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் புது வண்டிக்காரர்கள் சமாச்சாரம், விட்டுவிட்டேன். ஒரு ஏஜென்ட் மட்டும் நம்ப முடியாத குறைந்த பிரீமியம் சொன்னார். பார்த்தால் ஐ.டி.வி.யை, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பை, நைசாக இறக்கியிருக்கிறார். வண்டி திருடு போனாலோ, அடியோடு நொறுங்கினாலோ அந்தத் தொகைக்கு மேல் ஒரு பைசா வராது. பிரீமியத்தைப் பார்க்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

போன மாதம் ஒரு பைக் உரசி சைடு மிரர் உடைந்தது. கிளெய்ம் போடலாம்தான். போட்டால் அடுத்த வருட என்.சி.பி. காலி. கட்டாயக் கழிவு 1,000-ஐயும் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது. கடையில் மாற்றிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

பாலிசியில் பேர், இனிஷியல், இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் இரண்டு முறை சரிபார்த்தேன். மொபைல் நம்பரை விட்டுவிட்டேன். நேற்று பழைய ஓனர் கூப்பிட்டார். "தம்பி, உங்க பாலிசிக்கு ரோட்சைடு அசிஸ்டென்ஸ் வேணுமான்னு எனக்கு போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க. வேணும்னு சொல்லவா, வேணாம்னு சொல்லவா?"