புதிய கிராபிக்ஸ் கார்டும் இருண்ட திரையும்: ஒரு ஸ்டுடியோ அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் நாங்கள் நடத்தும் ஸ்டுடியோவில் திருமண வீடியோக்களைத் தொகுப்பதற்கென்று இருக்கும் கணினி, நான்காம் தலைமுறை ஐ5 செயலி கொண்டது. 2013இல் வெளிவந்த அந்த வரிசைச் செயலிகளில் ஹெச்.265 என்னும் சுருக்க முறை வீடியோவுக்கான முழுமையான வன்பொருள் வசதி கிடையாது. இன்றைய கேமராக்கள் பலவும் 4கே காட்சிகளை அந்த முறையில்தான் பதிவு செய்கின்றன என்பதால், தாலி கட்டும் காட்சியை ஓடவிட்டால் படம் திக்கித் திக்கித்தான் நகரும். இதற்கிடையில் பழைய கிராபிக்ஸ் கார்டும் பழுதாகிவிட, சில வாரங்கள் மதர்போர்டில் உள்ள விஜிஏ என்னும் பழைய மானிட்டர் இணைப்பை வைத்தே சமாளித்தோம். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்ததால் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். சுவிட்சைப் போட்டதும் கார்டின் விசிறிகள் சுழன்றன. மானிட்டரில் 'சிக்னல் இல்லை' என்ற வாசகம் சில நொடிகள் தோன்றி, அதுவும் மறைந்தது.

இந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது கார்டைக் கழற்றி மாட்டுவது, ராம் நினைவகத்தைத் துடைப்பது, கணினி எழும்போது முதலில் இயங்கும் பயாஸின் பேட்டரியைப் பிடுங்குவது என்று கைக்கு வந்ததையெல்லாம் ஒரே நேரத்தில் செய்து பார்ப்பதுதான். அதை நான் வன்மையாக மறுக்கிறேன். திரை இருண்டிருக்கிறது என்பது ஒரே ஒரு பழுதின் அடையாளம் அன்று. கணினியே எழவில்லையா, எழுந்தும் படம் மட்டும் வரவில்லையா, பாதி வழியில் விழுந்துவிட்டதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எங்கள் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணாச்சி வந்தவுடன் திருப்புளியைத் தொடவே இல்லை. கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்து அணைந்தது. பிறகு பக்கத்து மேசைக் கணினியில் உட்கார்ந்து, நெட்வொர்க் வழியாக இந்தக் கணினியின் பொதுக் கோப்புறையைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்த ஆல்பம் கோப்புகள் அத்தனையும் தெரிந்தன. "தம்பி, மிசின் நல்லாத்தான் ஓடுது. படம்தான் வேற வழியா போவுது" என்றார். விண்டோஸ் முழுவதுமாக எழுந்துவிட்டது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

மானிட்டரின் விஜிஏ வயரை மதர்போர்டின் இணைப்பில் மாட்டியதும் டெஸ்க்டாப் தெளிவாகத் தெரிந்தது. பழைய கார்டு பழுதான சமயத்தில், மதர்போர்டின் காட்சியே முதலில் வரவேண்டும் என்று பயாஸில் அமைக்கப்பட்டிருந்தது. புதிய கார்டு வந்த பின்னும் அந்த அமைப்பு அப்படியே இருந்ததால், எச்டிஎம்ஐ வயர் மாட்டிய கார்டுக்குப் படம் போகவே இல்லை. பயாஸில் 'பிரைமரி டிஸ்ப்ளே' என்ற இடத்தில் ஐஜிஎஃப்எக்ஸ் (மதர்போர்டு வழிக் காட்சி) என்றிருந்ததை பெக் (தனிக் கார்டு) என்று மாற்றிச் சேமித்தோம். சில மதர்போர்டுகளில் இதே அமைப்பு 'இனிட் டிஸ்ப்ளே ஃபர்ஸ்ட்' என்ற பெயரில் இருக்கும். எதையும் மாற்றும் முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளும்படி அண்ணாச்சி சொன்னது மிக நல்ல பழக்கம். பேட்டரியைக் கழற்றி எல்லாவற்றையும் அழித்துவிட்டால் ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா அமைப்பும் மாறிப்போய், திரை வந்தபின் விண்டோஸ் எழ மறுக்கலாம். ஒரு பழுதைத் தேடப் போய் இன்னொன்றை உண்டாக்கியதாகிவிடும்.

மானிட்டரில் விஜிஏ மட்டுமே இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய புதிய கார்டுகளில் டிவிஐ இணைப்பு இருந்தாலும் அது டிஜிட்டல் மட்டும் கொண்ட டிவிஐ-டி வகை. பழைய கார்டுகளில் தட்டையான பட்டையைச் சுற்றி நான்கு சிறு துளைகள் இருக்கும். அனலாக் வகையான விஜிஏ சிக்னல் அவற்றின் வழியாகத்தான் வந்தது. புதியதில் அந்தத் துளைகளே இல்லை என்பதால் வெறும் முனைமாற்றி உதவாது. உள்ளே சில்லு வைத்த எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர்தான் தேவை.

பயாஸை மாற்றியபின் கார்டின் வழியாகவே படம் வந்தது, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளும் பதிவானது. ஆனால் எடிட்டிங் மென்பொருளில் டைம்லைனைத் திறந்த சிறிது நேரத்தில் திரை மீண்டும் இருண்டது. கார்டின் விசிறி முழு வேகத்தில் இரைந்தது. முதலில் செய்த அதே சோதனையைச் செய்து பார்த்தோம். இம்முறை நம் லாக் விளக்கு அசையவில்லை, பொதுக் கோப்புறையும் திறக்கவில்லை. பார்வைக்கு அதே இருட்டுதான் என்றாலும் இது முற்றிலும் வேறு பழுது. வேலைப் பளு ஏறும்போது மட்டும் விழுகிறது என்றால் சந்தேகம் முதலில் மின்சாரத்தின் மேல்தான் செல்ல வேண்டும்.

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் 450 வாட் இருந்தால் போதும் என்று கார்டின் பெட்டியில் போட்டிருந்தது. எங்களுடையதிலும் பெரிய எழுத்தில் 450 என்றுதான் இருந்தது. ஆனால் கிராபிக்ஸ் கார்டும் செயலியும் மின்சாரத்தை எடுப்பது பெரும்பாலும் 12 வோல்ட் தடத்திலிருந்து. எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு லேபிளில் அந்தத் தடத்துக்கு நேரே 16 ஆம்பியர் என்று சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. 16ஐ 12ஆல் பெருக்கினால் 192 வாட்தான். செயலிக்கு 84 வாட் ஒதுக்கினால் மிஞ்சுவது 108. கார்டு கேட்பதோ 125. மதர்போர்டு, டிஸ்க், விசிறிகள் எல்லாம் அதற்கும் மேலே. பெரிய எழுத்தில் போட்ட எண்ணை நம்பி வாங்குகிறவர்கள் அடைகிற ஏமாற்றம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 8 முனை வயரும் கிடையாது. கார்டு விற்ற கடையில் கொடுத்த மாற்று வயர், மோலெக்ஸ் எனப்படும் பழைய வகை மின் முனைகள் இரண்டைச் சேர்த்து ஒரு 8 முனை இணைப்பாக்கித் தந்தது. கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட் வரையும், 6 முனை இணைப்பு இன்னொரு 75 வாட் வரையும், 8 முனை இணைப்பு 150 வாட் வரையும் தரலாம் என்பது கணக்கு. 150 வாட் என்றால் 12 வோல்ட்டில் 12.5 ஆம்பியர். எங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டு மோலெக்ஸ் முனைகளும் ஒரே வயர்க் கொத்தில் அடுத்தடுத்து இருந்ததால், பளு முழுவதும் 12 வோல்ட்டுக்கான ஒரே மஞ்சள் வயரில் விழுந்தது. அண்ணாச்சி மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை அந்த மஞ்சள் வயரிலும் வைத்து, என்னை டைம்லைனை ஓட்டச் சொன்னார். 12 வோல்ட் தடம் ஐந்து சதவீதம்வரை கூடலாம், குறையலாம், அதாவது 11.4க்குக் கீழே போகக் கூடாது. ஓட்டியவுடன் எண் 11.4ஐத் தாண்டிக் கீழே இறங்கியது, திரையும் இருண்டது. கழற்றிப் பார்த்தபோது மோலெக்ஸின் வெள்ளை பிளாஸ்டிக்கில் மஞ்சள் வயர் நுழையும் துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாடை. இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குக் கலக்கமாக இருக்கிறது. முனை கிடைத்தால் போதும் என்று இத்தகைய மாற்று வயரைக் கொடுத்தனுப்புகிறவர்கள், அதை வாங்குகிறவரின் எஸ்எம்பிஎஸ் எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

செங்கோட்டைப் பாசஞ்சரில் திருநெல்வேலிக்குப் போய், சந்திப்புக்கு அருகிலுள்ள கடை ஒன்றில் 550 வாட், மின்சிக்கனத்துக்கான '80 பிளஸ்' வெண்கலத் (Bronze) தரமுள்ள எஸ்எம்பிஎஸ் வாங்கி வந்தோம். கடையில் பெட்டியைப் பிரித்து 12 வோல்ட் தடத்தின் ஆம்பியரைப் படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். அதில் செயலிக்கான 8 முனையும் கார்டுக்கான 8 முனையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் 12 வோல்ட் வயரும் எர்த் வயரும் இரண்டிலும் எதிரெதிர்ப் பக்கத்தில் அமைந்தவை. முனைகளின் வடிவம் தவறாக நுழையவிடாமல் தடுக்கும், ஆகவே இறுகினால் அமுக்கக் கூடாது. கார்டுக்கானது பெரும்பாலும் 6, 2 என்று இரண்டாகப் பிரியும். செயலிக்கானது 4, 4 என்று பிரியும். கழற்றி மாட்டும் வயர்கள் கொண்ட எஸ்எம்பிஎஸ் என்றால், வேறொரு கம்பெனியின் வயரை அதில் செருகவே கூடாது.

கார்டைத் திரும்ப வைக்கும் முன் ஸ்லாட்டைப் பார்த்தோம். அரிசி ஆலைகள் உள்ள ஊர் என்பதால் உமித்தூசி மாவுபோலப் படிந்திருந்தது. காற்று ஊதி அதை அகற்றிவிட்டு, கார்டின் பொன்னிறப் பட்டைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தோம். ஸ்லாட்டின் கோடியிலுள்ள சிறு கொக்கி 'டிக்' என்று விழும்வரை கார்டை நேராக அழுத்தியபின் கேபினட்டுடன் திருகினோம். அதன்பின் முழு நீளத் திருமண வீடியோ ஒன்றை ரெண்டர் செய்தபோதும் மீட்டர் 12 வோல்ட்டை ஒட்டியே நின்றது, திரையும் அணையவில்லை.

எஞ்சியது யுபிஎஸ். சாரல் காலத்தில் காற்று வீசினால் எங்கள் பகுதியில் மின்சாரம் வந்து வந்து போகும். 600 விஏ என்று எழுதியிருக்கும் யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கணினி, மானிட்டர் இரண்டும் அதற்குள் அடங்குவதால் அவற்றை மட்டும் அதில் வைத்துக்கொண்டு, பிரிண்டரைத் தனி பிளக்குக்கு மாற்றிவிட்டோம்.