எழும்பி நின்று உழக்குதல்

ஜூன் 8, ஞாயிறு

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்குச் சின்ன வயதில் தெரிந்த ஒரே ஏற்றம் ரயில் கடவைதான். ட்யூஷன், கோயில், சங்கக்கடை எல்லாம் சைக்கிளில்தான், ஆனால் முழுக்க சீட்டில் இருந்தபடியே. பெடியன்கள் எழும்பி நின்று பெடலை உழக்கிப் பறப்பார்கள். பெட்டையள் அப்படிச் செய்தால் ஒழுங்கைக்கு ஒரு கிழவி மறித்துக் கேள்வி கேட்பாள். இப்போது ஓடுவது 2022 பெட்ரோல் தட்டுப்பாட்டில் வாங்கிய லேடீஸ் சைக்கிள், கியர் கிடையாது. கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கடலோர மரைன் டிரைவ் வழியாகக் கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போய்வர அது தாராளம். நான் வேலை செய்கிற லோயர் ஒஃபிஸைப் புதுக்கடைக்கு மாற்றினார், வந்தது வினை. காலிமுகத்திடல், கோட்டை, புறக்கோட்டை வரை சுகம். அங்கிருந்து நீதிமன்றப் பக்கம் ஏறும்போது சைக்கிள் அப்படியே நின்றுவிடுகிறது. இறங்கி உருட்டினால் சுமை தூக்கும் நாட்டாமிகள் மூட்டை ஏற்றிய வண்டிலோடு என்னை முந்திப் போகிறார்கள்.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா (பௌர்ணமி விடுமுறை)

கோர்ட் பூட்டு, ரோடு வெறுமை. எழும்பி நின்று உழக்கப் பழக, விடியவே அண்ணாவின் மகனை அந்த ஏற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஏஎல் படிக்கிறவன், ஒரு பன்சலையடியில், அதாவது புத்த கோயிலடியில், தன்சல் என்ற இலவசச் சாப்பாடு போடுவார்கள் என்ற ஆசையில்தான் வந்தான். அவன் சொன்ன முதல் விஷயம், ஏற்றத்தில் வேகம் செத்த பிறகு எழும்பக் கூடாது, கொஞ்சம் ஓட்டம் இருக்கும்போதே எழும்ப வேண்டும். அதுவும் ஒரு பெடல் மேலே வந்து முன்பக்கம் சாயத் தொடங்கும் நேரம் பார்த்து. உழக்குவதை விட்டுவிட்டு எழும்பினால் சைக்கிள் ஒரு கணம் பின்னுக்கு வாங்குகிறது, பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு வரும் ஊரில் இது விளையாட்டில்லை.

எழும்பினேன். கை இரண்டும் இரும்பாகிவிட்டது, பாரமெல்லாம் ஹாண்டிலில். "மாமி, சைக்கிளைப் பிடிச்சு வைக்காதேங்கோ, ஆட விடுங்கோ" என்று கத்திக்கொண்டே பக்கத்தில் ஓடி வந்தான். வலது கால் கீழே மிதிக்கும்போது வலது கை லேசாக இழுக்க வேண்டும், சைக்கிள் இடப்பக்கம் சரியும். அடுத்த மிதியில் மறுபக்கம். நாங்கள் நேரே, ஆடுவது சைக்கிள் மட்டும். இடுப்பு முன்னுக்கு வர வேண்டும், ஆனால் சீட்டின் மூக்கு தொடையில் உரசுமளவுக்குத்தான். சால்வையை இடுப்பில் இறுக்கி முடிந்திருந்தேன், இல்லாவிட்டால் செயின் அதைத் தின்றிருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

காலில் பலமில்லை என்று நான் புலம்ப, மருமகன் கொப்பி எடுத்துக் கணக்குப் போட்டான். என் நிறை 60 கிலோ. பெடல் தண்டு 17 சென்ரிமீற்றர், 26 அங்குலச் சில்லு, முன்பல் 44, பின்பல் 18. தண்டு படுக்கையாக இருக்கும்போது முழுப் பாரத்தையும் அதில் விட்டால் பின்சில்லு ரோட்டைத் தள்ளுவது 12 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. தண்டு நிமிர்ந்து நிற்கும்போது ஒன்றுமேயில்லை, ஆகச் சராசரி 8 கிலோ. நூறு மீற்றருக்குப் பத்து மீற்றர் உயரும் ஏற்றத்தில் சைக்கிளையும் என்னையும் சேர்த்துப் பின்னுக்கு இழுப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது தசையை முறுக்கத் தேவையில்லை, படியேறுகிற மாதிரிப் பாரத்தை மாற்றி மாற்றி விட்டாலே சைக்கிள் நகரும். பின்னால் 22 பல் பிரீவீல் (பின்சில்லின் பல்சக்கரம்) போட்டால் அந்த 12, 15ஐத் தாண்டும் என்றான். இதற்கு ஏன் இவ்வளவு நாள் ஃபிசிக்ஸ் மாஸ்டர் ஒருவரும் சைக்கிளைக் காட்டிப் படிப்பிக்கவில்லையோ!

ஜூன் 21, சனி

எழும்பி மிதிக்கும்போது கீழே 'கடக்' என்று ஒரு சத்தம், பெடல் ஒரு துண்டு வழுக்குகிறது. மாளிகாவத்தையில் சைக்கிள் திருத்துகிற பாஸ் ஒருவரிடம் காட்டினேன். செயினில் அடிமட்டத்தை வைத்தார். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் வர வேண்டுமாம், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினாலே மாற்ற வேண்டியதுதான். "இந்தச் செயினோட எழும்பி நின்டா பல்லுதான் போகும் தங்கச்சி" என்றார். சைக்கிளின் பல்லா என் பல்லா என்று கேட்கவில்லை. புதுச் செயின், 22 பல் பிரீவீல், ஹாண்டில் போல்ட்டும் இறுக்கித் தந்தார். எழும்பி உழக்கப் பழகுகிறவர்கள் முதலில் இதைப் பார்ப்பது நல்லது. சீட்டில் இருக்கும்போது வழுக்கினால் திடுக்கிடுவோம், நிற்கும்போது வழுக்கினால் ஹாண்டிலில் விழுவோம்.

ஜூன் 30, திங்கள்

இப்போது பாதி ஏற்றம் சீட்டில் இருந்தபடி, மீதி நின்றபடி. முழுக்க நின்றால் மூச்சு சீக்கிரம் வாங்குகிறது, ஏனென்றால் உடம்பைத் தூக்கிப் பிடிக்கவும் சக்தி வேண்டும். மிதமான சரிவில் சீட்டில் இருந்தபடி உழக்குவதுதான் சிக்கனம். பின்னேரம் மரைன் டிரைவில் தென்மேல் காற்று முகத்தில் அடிக்க, வந்த தைரியத்தில் அங்கேயும் எழும்பினேன். வீண் வேலை, நின்றால் காற்றுக்கு இன்னும் பெரிய நெஞ்சைக் காட்டுகிறோம். காற்றுக்குக் குனிய வேண்டும், மேட்டுக்குத்தான் எழும்ப வேண்டும்.

ஜூலை 9, புதன்

லோயர் ஜன்னலால் பார்த்திருக்கிறார், "என்ன பிள்ளை, ரேஸோ?" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குப் போயா, ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கிய வுல்வெண்டால் தேவாலயம் இருக்கிற மேட்டுக்குப் போய்ப் பார்க்க எண்ணம். இன்றைக்கே பின் பிரேக் கட்டையை மாற்ற வேண்டும், ஏறினால் இறங்கவும் வேண்டுமே.