ஏற்காட்டு வேலியில் ஒரு பனிமலைச் சொந்தம்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மார்கழிக் குளிரில் நான் போனது ஒரு வேலிக்கொடியைப் பார்க்க.

அதற்குக் காரணம் ஆல்ப்ஸ் மலையில் இருக்கிறது. அங்கே 4,000 மீட்டருக்கு மேலும் பூக்கும் ரனன்குலஸ் கிளேசியாலிஸ் என்ற சிறிய பல்லாண்டுச் செடிமீது எனக்குத் தீராத ஆசை. உயரம் ஒரு சாண்கூட வராது. பனி உருகி மறுபடி மூடுவதற்குள் பூத்துக் காய்த்தாக வேண்டும் என்பதால், பூமொட்டுகளை முந்தைய பருவங்களிலேயே உருவாக்கி வைத்துக்கொள்கிறது. வெள்ளையாக மலர்ந்து, நாள்படச் சிவக்கும். என்ன ஒரு பிழைக்கும் திறம்!

சேர்வராயன் கோயில் மேடு 1,600 மீட்டரைச் சற்றே தாண்டும்; பனிப்பொழிவு கிடையாது. அந்தச் செடி இங்கே வராது. ஆனால் அதன் குடும்பமான ரனன்குலேசி நம் மலையிலும் வேரூன்றியிருக்கிறது.

சேலத்திலிருந்து பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கியதும், காப்பித் தோட்டங்களை ஒட்டிய பாதையில் நடந்தேன். சவுக்கு மரங்கள் நிற்கும் ஒரு திருப்பத்தில், முள்கம்பி வேலி முழுக்கப் படர்ந்திருந்தது கிளெமாடிஸ் கௌரியானா. இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி இல்லை. இலைக்காம்பே கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொள்கிறது. பூவில் அல்லி இதழ்களும் இல்லை. வெளிறிய நான்கு புல்லி இதழ்கள்தான் பூவாகத் தெரிகின்றன. நடுவே கொத்தாக மகரந்தத் தாள்கள். கீழ்க்கிளைகளில் காய் பிடித்திருந்தது. ஒவ்வொரு சிறு காயின் நுனியிலும் பட்டுப் போன்ற வெள்ளை இறகு, காற்றில் பறந்து போவதற்காக. ஆல்ப்ஸ் புல்வெளிகளில் பூக்கும் பல்சடில்லாவின் காய்க்கும் இதே இறகு உண்டு. படத்தில் மட்டும் கண்டிருந்ததை நம் ஊர் வேலியில் தொட்டுப் பார்த்தபோது மனம் நிறைந்துவிட்டது.

"அதை ஏன் பிடித்துப் பார்க்கிறீர்கள் தம்பி, மாடுகூட வாய் வைக்காது" என்றார் விறகு சுமந்து வந்த அம்மா. அவர் சொன்னது சரிதான். இக்குடும்பத்துச் செடிகள் பலவற்றை நசுக்கினால் புரோட்டோஅனிமோனின் என்ற காரப்பொருள் உண்டாகும். தோலில் பட்டால் கொப்புளம் எழும். போகிறவர்கள் இலையைக் கசக்கிப் பார்க்க வேண்டாம்.

இறங்கி வந்த மாலையில் சேலத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். நம் அஞ்சறைப் பெட்டிக்குத் தெரிந்த கருஞ்சீரகமும் இதே குடும்பம்தான். நான் கேட்டது அதே குடும்பத்து அதிவிடயம். இமயமலையின் உயர் சரிவுகளில் வளரும் பல்லாண்டுச் செடியின் கிழங்கு அது. கடைக்காரர் ஒன்றை உடைத்துக் காட்டினார்: வெளியே சாம்பல் நிறம், உள்ளே மாவு வெள்ளை, நாக்கில் கடுங்கசப்பு. "குழந்தைகளின் கழிச்சலுக்கு வாங்குவார்கள் ஐயா. இப்போது வரத்துக் குறைந்துவிட்டது" என்றார். குறையாமல் என்ன செய்யும்? கிழங்குக்காகச் செடியையே தோண்டி எடுக்கிறார்கள். விதைத்து வளர்க்காமல் காட்டிலிருந்தே அள்ளிக்கொண்டிருந்ததில், இமயத்தில் அது அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது.