மாரிக்கு முதல் ஒருக்கா கானைப் பாருங்கோ

ஒக்டோபர் பிறந்தா திருகோணமலையில எல்லாரும் வானத்தத்தான் பாக்கிறம், நான் சொல்ல வாறது கேற்றடியில ஓடுற கானையும், அதான் மழைத்தண்ணி ஓடுற வாய்க்காலையும், ஒருக்கா குனிஞ்சு பாருங்கோ எண்டுதான். வருசத்து மழையில அரைவாசிக்கு மேல ஒக்டோபர்ல இருந்து ஜனவரிக்குள்ளயே எங்களுக்குக் கொட்டித் தீந்துடும், மிச்ச மாசமெல்லாம் காஞ்சு கிடக்கிற கானுக்குள்ள சொப்பிங் பேக், இளநிக் கோம்பை, வீடு கட்டி மிஞ்சின மண் எண்டு எல்லாம் போய்ச் சேருது, பிறகு ஒரு ராத்திரி மழையில ரோட்டும் வளவும் ஒண்டாப் போயிடும்.

வானிலை அறிக்கையில 100 மில்லிமீற்றர் எண்டு சொன்னா கனபேருக்கு அது எவ்வளவு எண்டு விளங்குறதில்ல. 1000 சதுர அடிக் கூரையில 100 மில்லிமீற்றர் மழை விழுந்தா 9000 லீற்றருக்கு மேல தண்ணி. அது ஒரு வீட்டுக் கூரை மட்டும். ஒரு ஒழுங்கையில இருவது வீடு இருந்தா கணக்கப் பாருங்கோ, அவ்வளவும் போறதுக்கு ஒரு அடி அகலக் கான் ஒண்டுதான் இருக்கு, அதிலயும் பாதி மண்.

கான் துப்புரவாக்கிறதில முக்கியமான விசயம், அவரவர் வாசல மட்டும் வெட்டி வேலையில்ல. எங்கட ஒழுங்கையில இருக்கிற ஒரு அம்மா சொன்னா, "பிள்ள, உன்ர வாசல வெட்டினா உன்ர தண்ணியும் சேந்து என்ர வாசல்ல வந்து நிக்கும், கீழ மதகடியில இருந்து வெட்டிக்கொண்டு வா" எண்டு. முழுக்கச் சரி. தண்ணி கடைசியாப் போய் விழுற இடத்தத் திறந்துட்டு மேல வரவேணும். மதகுக்குள்ள அடைச்சிருந்தா அது எங்கட மண்வெட்டிக்கு அடங்காது, சபைக்கு எழுதிக் குடுத்து மண் அள்ளுற பெக்கோ மெசின வரப் பண்ண வேணும், அத நவம்பர்ல போய்க் கேட்டா ஊர் முழுக்க அதே கியூவில நிக்கும், அதால செப்டம்பர்லயே குடுங்கோ.

இன்னொண்டு மதில். இப்ப எல்லாரும் கிரவல் போட்டு வளவ உயர்த்தி, சுத்திவர மதிலும் கட்டுறம், தண்ணி வழமையா ஓடின பாதை அதுக்குள்ள போயிடுது, கடைசியில பள்ளத்தில இருக்கிற தகரக் கொட்டில் வீட்டுக்குள்ளதான் அது ஏறும். இது எனக்கு உண்மையிலயே கோவம் வாற விசயம். மதில் கட்டுறவங்க அடியில நாலஞ்சு இடத்தில பைப் வச்சு விட்டா செலவு பெருசா வராது.

ரவுண் பக்கம் இது எங்கட தலைக்கு மேல பெய்யிற மழையால வாற வெள்ளம். மூதூர், வெருகல், சேருவில பக்கம் கதை வேற. மகாவலி மலைநாட்டுத் தண்ணிய எல்லாம் கொண்டுவந்து கொட்டியாரக்குடாவிலயும் வெருகல் பக்கமும்தான் கடலுக்க விடுது, அதால இங்க வெயில் எறிக்கேக்கயும் அங்க ஆறு ஏறும். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் நேரம் பாத்தம்தானே, மலைநாட்டில கொட்டின மழை பிறகு இங்க வந்து சேந்துது, மாவிலாறு அணைக்கட்டும் உடைஞ்சுது. ஆத்தங்கரை ஆக்கள் உள்ளூர் மழையப் பாத்து முடிவெடுக்கக் கூடாது, நீர்ப்பாசனத் திணைக்களம் விடுற மகாவலி நீர்மட்டத்தில, ஆத்துக்கு மேல்பக்கம் இருக்கிற மன்னம்பிட்டியின்ர கணக்கப் பாருங்கோ, அது கூடிக்கொண்டு வந்தா மாட்ட அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டு போங்கோ, நெல் மூட்டைய உயரத்தில ஏத்துங்கோ.

வீட்டுக்குள்ள செய்யிறது பெருசா ஒண்டுமில்ல. காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கிளினிக் கொப்பி, மருந்து எல்லாத்தையும் தண்ணி போகாத பையில போட்டு ஒரே இடத்தில வையுங்கோ. வெறுமையாக் கிடக்கிற தண்ணி டாங்கி மிதந்து போயிடும், அதால அத நிரப்பி வையுங்கோ, காஸ் சிலிண்டரையும் பூட்டிக் கட்டி வையுங்கோ. கக்கூஸ் கோப்பைக்கு மேல ஒரு மண்மூட்டை, இல்லாட்டி குழித் தண்ணி வீட்டுக்குள்ள திரும்பி வரும். தண்ணி படியில ஏற முதலே மெயின் சுவிட்ச ஓஃப் பண்ணுங்கோ, வடிஞ்சாப் பிறகும் கரண்ட் வேலை தெரிஞ்ச ஒராள் பாக்காம போடாதிங்கோ. வெள்ளம் புகுந்த கிணத்துத் தண்ணிய இறைச்சு, குளோரின் போட்டுத்தான் பாவிக்க வேணும், அதுக்கு பிஎச்ஐயிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேளுங்கோ, குடிக்கிறதுக்கு கொதிக்க வச்சே குடியுங்கோ. கால்ல புண்ணோட சேத்துக்க இறங்காதிங்கோ, எலிக்காய்ச்சல் அப்பிடித்தான் வருது.

இப்ப எங்கட ஒழுங்கை வட்ஸ்அப் குரூப்பில ஒரு லிஸ்ட் போட்டிருக்கிறம், படுக்கையில இருக்கிறவங்க, பிள்ளப்பேறுக்கு நாள் கிட்டினவங்க, தனிய இருக்கிற வயசு போன ஆக்கள் ஆர் ஆர் எண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் எந்தப் பெடியன் ஓட்டோவோட போறது எண்டும் பேர் எழுதியாச்சு. தண்ணி ஏறின பிறகு கூப்பிட்டா ஓட்டோ வராது, அதால ஜிஎஸ் (கிராம சேவகர்) சொன்ன உடன இவங்களத்தான் முதல்ல ஏத்துறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ர 117 இலக்கத்தயும் போன்ல போட்டு வையுங்கோ, பட்டன் போன் வச்சிருக்கிற அம்மா அப்பாவுக்கு நீங்களே சேவ் பண்ணிக் குடுங்கோ.