நாற்பத்தொரு முறை

"41 அட்-பேட்தான் ஆகியிருக்கு. இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

எங்கள் பேஸ்பால் அணியில் ஆடும் ஒரு பையனிடம் நான் சொன்னது இவ்வளவுதான். அட்-பேட் என்றால் மட்டையோடு போய் நிற்கும் ஒரு வாய்ப்பு. 2025 மார்ச் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டம் முடிந்து இரவு பத்தரை இருக்கும். வீடியோ அறையில் நான் மட்டும் இருந்தேன். உள்ளே வந்தவன் உட்காரவில்லை. மட்டையைக் கையிலேயே வைத்திருந்தான். கைப்பிடிக்கு மேலே வாரா வாரம் அந்த மட்டை சோதனையில் தேறியதற்கு ஒட்டும் ஸ்டிக்கர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. அதில் ஒன்றின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, மட்டை வீசும் விதத்தைப் பற்றிக் கேட்டான்: "நான் பழைய ஸ்விங்குக்கே போயிடட்டுமா?"

நான் திரையை அவன் பக்கம் திருப்பி, 41 என்ற எண்ணைக் காட்டினேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அமெரிக்காவில் புள்ளியியல் படிக்க வந்த இடத்தில், பல்கலைக்கழக பேஸ்பால் அணிக்குக் கணக்குப் பார்க்கும் பகுதிநேர வேலை எனக்கு. மைதானத்து ரேடார் ஒவ்வொரு பந்தையும் அளந்து தரும்: மட்டையை விட்டு எவ்வளவு வேகத்தில் கிளம்பியது, எத்தனை டிகிரியில் எழும்பியது. மணிக்கு 100 மைலுக்கு மேல் அடித்த பந்து 10 டிகிரியில் போனால் தரையை ஒட்டிப் பாய்ந்து ஒரு சிங்கிளோ டபுளோ ஆகும், அதாவது ஓடி ஒரு தளமோ இரண்டு தளமோ சேரலாம். அதே பந்து 27 டிகிரியில் எழும்பினால் வேலிக்கு வெளியே, அதாவது ஹோம் ரன். ஊரில் இருக்கும் நண்பர்கள் இதைச் சிக்ஸர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் இங்கே ஓர் ஆட்டத்துக்கு நான்கு முறை மட்டையோடு நின்றாலே அதிகம். ஒரு சீசனுக்கு 56 ஆட்டம், 200 சொச்சம் வாய்ப்பு. அதில் 14 ஹோம் ரன் என்றால் நல்ல எண்.

அந்த 14ஐச் சொன்னவன் நான்தான்.

முந்தைய ஆண்டு அவன் 4 ஹோம் ரன்தான் அடித்திருந்தான். ஆனால் 19 டபுள், சராசரி .318, அதாவது ஆயிரத்துக்கு 318 முறை வெற்றிகரமான அடி. இலையுதிர்காலப் பயிற்சி ஆட்டங்களில் அவன் பந்துகள் 106 மைல் வரை பறந்தன. எல்லாம் தாழ்வாக. கோணத்தைக் கொஞ்சம் தூக்கினால் போதும் என்பது எங்கள் அறையில் யாருக்கும் சந்தேகமில்லாத விஷயம். பேட்டிங் கோச் கேட்டார், "தூக்கினா எத்தனை வரும்?" நான் மாடலை ஓட்டி, 14 என்றேன். அது ஒரு நடு எண், மேலேயும் போகலாம் கீழேயும் வரலாம் என்றும் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். எண்ணைச் சொல்லும் குரலில் அதையும் சொன்னேனா என்பதில்தான் எனக்கு நிச்சயமில்லை. இரண்டு நாள் கழித்து அவனுடைய லாக்கர் கதவின் உள்பக்கம் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. தடித்த கறுப்பு மார்க்கரில் 14.

கோச்சைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அது 2024 முடிந்த கையோடு வந்த இலையுதிர்காலம். டென்னசி பல்கலைக்கழக அணி 184 ஹோம் ரன் அடித்துக் கல்லூரிக் கோப்பையை வாங்கியிருந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சார்லி காண்டன் ஒருவரே 37. எந்தக் கோச்சுக்கும் ஆசை வரும். இத்தனைக்கும் கல்லூரி பேஸ்பாலில் ஹோம் ரன் செத்துப்போன காலம் ஒன்று உண்டு. 2011இல் அலுமினிய மட்டைகளுக்குப் புது விதி வந்து, பந்து எகிறும் விசையைக் குறைத்தார்கள். ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 0.94 அடித்துக்கொண்டிருந்தது ஒரே வருடத்தில் 0.52 ஆனது. 2014இல் ஒமாஹாவில் நடந்த இறுதிச் சுற்றில், எல்லா ஆட்டங்களிலும் சேர்த்தே 3. மறுவருடம் பந்தின் தையலைத் தாழ்த்தினார்கள். காற்றின் இழுப்பு குறைந்து, அதே அடிக்குப் பந்து சுமார் 20 அடி கூடுதலாகப் போனது. மீதியைப் பையன்களின் உடற்பயிற்சியும் எங்களைப் போன்றவர்களின் ரேடாரும் செய்தன. இந்த வரலாறெல்லாம் எனக்குத் தெரியும். மட்டையும் பந்தும் மாறினால் எண் மாறும் என்று கணக்குப் போட்டு விளக்குவேன். ஒரு பையன் தன் ஸ்விங்கை மாற்றும்போது எது மாறும் என்று நான் யோசித்ததே இல்லை.

மாறியது என்னவென்றால், பந்து வீசும் பிட்ச்சர்கள். கீழிருந்து மேலே வீசும் மட்டைக்கு நெஞ்சுக்கு நேரே வரும் வேகப்பந்து எட்டாது. மூன்றாவது வாரமே எல்லா அணிகளும் அதைக் கண்டுபிடித்துவிட்டன. 41 முறையில் 17 ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமலே வெளியேறுவது), ஒரே ஒரு ஹோம் ரன். அந்த இரவு அவன் கேட்டது இதைப் பற்றித்தான்.

நான் சொன்னது தவறில்லை. இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை. 41 வாய்ப்பை வைத்து ஒருவனை முடிவு கட்டக்கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். அதோடு அது குளிர்காலம். குளிர்ந்த காற்றில் பந்து போகாது, மே மாதம் பார்த்துக்கொள்ளலாம். இதெல்லாம் உண்மை.

ஆனால் ஏப்ரலில் ஒருநாள் பழைய கோப்பைத் திறந்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அந்த 14ஐ நான் சொன்னது இலையுதிர்காலத்து 58 அட்-பேட்டை வைத்து. அதுவும் எங்கள் பிட்ச்சர்களுக்கு எதிராக. 58ஐ வைத்து ஒருவனுடைய ஆட்டத்தை மாற்றச் சொல்லலாம், 41ஐ வைத்துத் திரும்பிப் போகச் சொல்லக்கூடாதா? நம்பிக்கை கொடுக்க எனக்குப் போதுமாக இருந்த கணக்கு, சந்தேகத்துக்கு மட்டும் எப்படிப் போதாமல் போனது?

இதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. அடியின் வேகம் சில பத்து பந்துகளிலேயே தெரிந்துவிடும், விளைவுகள் தெரியப் பல நூறு வேண்டும். ஆகவே 58 போதும், 41 போதாது. வகுப்பில் இதை எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் வேகம் சொன்னது அவன் உடம்பில் பலம் இருக்கிறது என்பதை மட்டும்தான். அவன் மாறுவானா என்பதை அந்த ரேடார் அளக்கவில்லை. நான் அளந்ததாக நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அவன் ஏன் என்னிடம் வந்தான்? கோச்சிடம் கேட்டால் பயந்துவிட்டான் என்று ஆகிவிடும். அணியில் யார் ஆடுவது என்று முடிவு செய்பவன் நானில்லை, அதனால் என்னிடம் கேட்கலாம். 41 சிறிய எண் என்பது அவனுக்கும் தெரியும், வாரா வாரம் நான்தானே அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "உனக்கு எப்படித் தோணுது?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் தெரியாது. அதே திட்டத்தில் அதே மாதிரி ஸ்விங்கை மாற்றிய இன்னொருவன் 17 அடித்தான். அவனும் மார்ச்சில் தடுமாறினான், அவனும் கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன். அப்போது என் பதில் சரியாகிவிட்டிருக்கும்.

இவன் 6 அடித்தான். முந்தைய வருடத்தைவிட இரண்டு அதிகம் என்பதை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. டபுள் 19இலிருந்து 7 ஆனது, சராசரி .231. ஏப்ரல் கடைசியிலிருந்து பெரும்பாலும் பெஞ்சில்தான். ஜூனில் வேறு கல்லூரி தேடிப் போய்விட்டான். லாக்கரைக் காலி செய்த அன்று நான் அந்தப் பக்கம் போனேன். அட்டை இல்லை. டேப் ஒட்டியிருந்த நான்கு மூலைகளிலும் பெயின்ட் உரிந்திருந்தது.

போன இலையுதிர்காலம் மறுபடியும் ஆட்டக்காரர்களின் பட்டியல் வந்தது. இந்த முறை ஒற்றை எண் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வீச்சைத்தான் எழுதினேன். முதல் பெயருக்கு, 7 முதல் 19 வரை. மாலையில் கோச் கூப்பிட்டார். பார்த்தேன், நல்லா இருக்கு என்றார். அப்புறம், "நடுவுல எவ்வளவுன்னு வச்சுக்கலாம்?" என்று கேட்டார்.

13 என்றேன்.