தமிழில்தானே எழுதினேன்

டெல்லியில் யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் முகநூலில் அந்தப் பதிவைத் தமிழில் எழுதினேன். ஒரு ஜாமீன் மனு 4 மாதமாக விசாரணைப் பட்டியலில் ஏறாமல் கிடந்தது. அவசரம் என்பதற்கு இங்கே ஆளுக்கொரு அளவுகோல் என்று எழுதி, நீதிபதியின் பெயரையும் போட்டுவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு மயூர் விஹாரிலிருந்து என் சீனியர் வக்கீலின் போன். யாரோ ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார்கள். தமிழ் தெரிந்த வக்கீல்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அது 2020 செப்டம்பர். டெல்லி வக்கீல் பிரசாந்த் பூஷண் வழக்கின் சூடு ஆறவில்லை. தலைமை நீதிபதிகளை விமர்சித்த இரண்டு ட்வீட்டுகளுக்காக ஆகஸ்ட் 14 அன்று அவர் அவமதிப்புக் குற்றவாளி என்றது உச்ச நீதிமன்றம். 31-ம் தேதி 1 ரூபாய் அபராதம். ஊரெல்லாம் அந்த ரூபாயைப் பேசிச் சிரித்தது. எங்கள் கண்ணில் பட்டது அடுத்த வரி: கட்டாவிட்டால் 3 மாதச் சிறை, அந்த நீதிமன்றத்தில் வாதாட 3 ஆண்டுத் தடை. மூன்று வருஷம் கோர்ட் படியேற முடியாவிட்டால் என் போன்ற ஜூனியருக்கு யார் சோறு போடுவது?

பேச்சுரிமை தரும் அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவே நீதிமன்ற அவமதிப்பை விலக்காக வைத்திருக்கிறது. அது எல்லோருக்கும் பொது. வக்கீலுக்கு மட்டும் மேலே இன்னொரு பூட்டு உண்டு. 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-வது பிரிவில், நடத்தை சரியில்லை என்று, வக்கீல்களைப் பதிவுசெய்கிற பார் கவுன்சில் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கலாம். பெயர்ப்பலகையின் அளவுக்குக்கூட விதி வைத்திருக்கிற தொழில் இது. 2021 ஜூனில் இந்திய பார் கவுன்சில் நடத்தை விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. நீதிமன்றத்தையும் நீதிபதியையும் மட்டுமல்ல, கவுன்சிலையும் ஊடகத்தில் இழிவாகப் பேசினால் தவறு என்றது. எனக்கு உறுத்தியது அந்தக் கடைசிச் சேர்க்கைதான். நீதிபதி மேடையேறிப் பதில் சொல்ல முடியாது, சரி. தேர்தலில் ஓட்டு வாங்கி வருகிற கவுன்சில்காரர்களுக்கு என்ன வந்தது?

சீனியர் அன்றைக்குச் சட்டம் எதுவும் பேசவில்லை. “ஏம்மா, செவ்வாய்க்கிழமை நம்ம பென்ஷன் கேஸ் அதே பெஞ்ச்லதானே வருது?” என்று மட்டும் கேட்டார்.

ஆர்.கே.புரத்தில் மகன் வீட்டில் இருக்கும் அந்தப் பெரியவர் பல வருஷமாகப் பென்ஷனுக்கு அலைகிறார். நீதிபதி அதையெல்லாம் மனதில் வைப்பார் என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை. ஆனாலும் கட்சிக்காரர் தலையை வைத்து என் உரிமையைச் சோதித்துப் பார்க்க மனம் வரவில்லை. பதிவை எடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை திரையில் பார்த்தால் பெஞ்ச் மாறியிருந்தது. வாய்தா. பெரியவரிடம் போனில் சொன்னேன்.

“பழகிப்போச்சும்மா. அப்புறம், என்னமோ நல்லா எழுதியிருந்தியாமே, மருமக சொன்னா. தேடினா காணோமே?”

நெட் ஏதாவது கோளாறாக இருக்கும் என்றேன்.