அப்பா போன லைன்

ஆகஸ்ட் 13, 2025, புதன்

கார் சர்வீஸ் முடிந்து வந்துவிட்டது. ஸ்டெப்னியில் காற்று பார்த்தார்களா என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். அத்தை போனில் ஒரே சத்தம். வருசம் திரும்பவில்லை, ஆடிகூடக் கழியவில்லை, ரெண்டு பொம்பளைங்க தனியா எங்க கெளம்பிட்டீங்க என்று. அம்மா பதில் சொல்லாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். நான்தான் முழுக்கக் கேட்டேன்.

அப்பா நம்பருக்கு ரீசார்ஜ் 21ஆம் தேதி முடிகிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஸ்டவ்வையும் கொண்டுபோகிறோமாம். அப்பாவின் லாரி முதலாளி வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய பையில் வந்த அதே பம்ப் ஸ்டவ். இரண்டு கைலி, ஒரு துண்டு, அலுமினிய குண்டா, டிரிப் நோட்டு, இந்த ஸ்டவ், அவ்வளவுதான் அந்தப் பையில் இருந்தது. பித்தளை டேங்கின் ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. பர்னரைக் குத்துகிற ஊசியைத் தீப்பெட்டிக்குள் போட்டு, பெட்டி திறந்துகொள்ளாமல் இருக்க ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருக்கிறார். அம்மா அந்த ரப்பர் பேண்டைக் கழற்றவே இல்லை. மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது என்றால், பக்கத்து வீட்டில் அரை லிட்டர் வாங்கி ஏற்கெனவே மூட்டை கட்டிவிட்டாள். காருக்குள் மண்ணெண்ணெய் வேண்டாம் என்று நான் சொன்னது காற்றோடு போச்சு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஆஞ்சநேயர் கோயிலுக்குள் போகவில்லை, போகக்கூடாது. எதிரே ரோட்டில் நின்று நான் தேங்காய் உடைத்தேன். பதினெட்டு அடி சாமி, தலைக்கு மேல் கூரை கிடையாது. "அவரும் வெயில்லயும் மழையிலயும்தான் நிக்கறாரு" என்று ஒவ்வொரு லோடு கிளம்பும்போதும் அப்பா சொல்வார். சேலம் தாண்டும்வரை இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.

தொப்பூர் கணவாயில் நாங்கள் ஏறுகிறோம், எதிர்ப்பக்கம் லாரிகள் இறங்கி வருகின்றன. நியூட்ரலில் விட்டு இறக்குகிறவனுக்கு ரெண்டு லிட்டர் டீசல் மிச்சம், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் உசுரு போச்சு என்று அப்பா எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோதே சொல்லியிருக்கிறார். சைக்கிளுக்கும் நியூட்ரலுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது தெரியாது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஏறுகிற பக்கம் பயமில்லை என்றேன். "உங்கப்பா திரும்பி வர்றப்ப இந்தப் பக்கந்தான வரோணும்" என்றாள். இறங்குகிறவர்களுக்காகத்தான் கண்ணை மூடியிருக்கிறாள்.

டோல்கேட்டுக்கு இன்று முதல் வருடாந்திர பாஸ் வந்திருக்கிறது, 3000 ரூபாய்க்கு 200 தடவை, இல்லாவிட்டால் ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அது. கிருஷ்ணகிரியில் ஓரமாக நிறுத்திப் போட்டுவிட்டேன். லாரிக்கு உண்டா என்று கேட்டாள். இல்லை, சொந்த காருக்கு மட்டும்தான் என்றேன். "அதான" என்றாள்.

அத்திப்பள்ளி பார்டரில் நிற்காமலே தாண்டினோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் இப்படிப்பட்ட வணிகவரி செக்போஸ்ட்டுகளில் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு அரை நாள் நின்றதாக அப்பா சொல்வார். போனில் பின்னால் ஒரே ஹாரன் சத்தமாக இருக்கும், "பார்டர்ல நிக்கறன் கண்ணு" என்பார். என் பத்தாவது ரிசல்ட்டை அந்த ஹாரனுக்கு நடுவில்தான் சொன்னேன்.

இரவு தும்கூர். லாட்ஜில் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டீ 20, பஞ்சர் 150, கயிறு, டீசல், படி. ஹிரியூர் வருகிற பக்கங்களில் மட்டும் "மா 200". எல்லா டிரிப்பிலும் இருக்கிறது.

யாரு கண்ணு இந்த மா?

ஆகஸ்ட் 16, சனி

சிராவுக்கு முன்னால் லாரிகள் நிற்கிற இடத்தில் டீ. திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டி ஒன்று நின்றது. தமிழ்ப் பேச்சு கேட்டதும் டிரைவர் அண்ணன் வந்து பேசினார். வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க என்று அம்மாவிடம் கேட்டார். "லைனுக்குப் போயிருக்காருங்" என்றாள் அம்மா, தயங்காமல், டீயை ஆற்றிக்கொண்டே. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் எந்த லைன் என்று கேட்க, அம்மா பாம்பே லைன் என்று சொல்ல, எந்த ஆபீஸ், என்ன லோடு, முட்டையா என்றெல்லாம் பேச்சு கால் மணி நேரம் போனது. அம்மா முகத்தில் இத்தனை மாதத்தில் நான் பார்க்காத ஒரு தெளிவு. வேறெதற்கோ கேட்பது மாதிரி, கணக்கு நோட்டுல மான்னு எழுதினா என்னங்கண்ணா என்று கேட்டேன். சிரித்தார். "மாமூலுங்க தங்கச்சி, வேற என்ன."

காரில் ஏறியதும் அம்மா நோட்டைத் திறந்தாள். வேறு இடங்களில் மாமூல் என்று முழுசாகவே எழுதியிருக்கிறார். "இங்க மட்டும் எழுத நேரமில்லையாமா?"

மதியம் ஹிரியூரிலிருந்து திரும்பி வாணி விலாச அணைக்குப் போனோம், என் யோசனைதான். 1907இல் மைசூர் மகாராஜா காலத்தில் கட்டி முடித்தது. உள்ளூரில் மாரிகணிவே என்கிறார்கள். 2022 செப்டம்பரில் எண்பத்தொன்பது வருடம் கழித்து நிரம்பி வழிந்தது, 1933க்கு அப்புறம் அப்போதுதான். அன்றைக்கு அப்பா போன் பண்ணி, "சனம் திருவிழா மாதிரி போகுது, எனக்கு லோடு எறக்கோணும், பாக்க முடியாது" என்றார். பார்க்க முடியாது என்று சொல்வதற்காகவே ஒரு போன். அணைக்குப் பக்கத்தில் மாரம்மா கோயில் இருக்கிறது. மா என்றால் மாரம்மாவாக இருக்கும், காணிக்கை போட்டிருப்பார் என்றேன். லோடு வண்டியை ஹைவேயில் விட்டுவிட்டு இவ்வளவு தூரம் உள்ளே வந்திருப்பாரா என்று எனக்கே சந்தேகம்தான். அம்மா கோயில் வாசலைத் தாண்டாமல் வெளியிலேயே நின்று பார்த்தாள். சாமி கும்பிடற ஆளா உங்கப்பா என்றாள். ஆஞ்சநேயருக்குத் தேங்காய் உடைப்பாரே என்றேன். அது தொழிலுக்கு என்றாள்.

மாலதி, மாதம்மா, மாரியாயி என்று சின்ன வயதில் தெரிந்த பேர்களையெல்லாம் இரவு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கோபமா விளையாட்டா என்று பிடிபடவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பங்க்கையும் பார்த்தோம், அந்த மரத்தையும் பார்த்தோம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சித்ரதுர்கா கோட்டை. வருசம் திரும்பாமல் மலை ஏறக்கூடாது என்று நான்தான் நினைவுபடுத்தினேன், உண்மையில் எனக்கு லாட்ஜிலேயே படுத்திருக்க வேண்டும்போல இருந்தது. இது கோயில் மலை இல்லையே, கோட்டை மலைதானே என்றாள். உள்ளே கோயில்கள் இருக்கின்றன, சொல்லவில்லை.

ஓபவ்வாவின் சந்து என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். பாறைக்கு நடுவில் ஒரு ஆள் குனிந்து வருகிற அளவு இடுக்கு. ஹைதர் அலியின் ஆட்கள் அதன் வழியாக ஒவ்வொருவராக நுழைந்தபோது, காவல்காரனின் மனைவி ஓபவ்வா உலக்கையால் தலையில் போட்டுச் சாய்த்து இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாளாம். புருசன் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். தண்ணீர் எடுக்க வந்தவள்தான் சத்தம் கேட்டு எதிரியைப் பார்க்கிறாள், பார்த்தும் சாப்பாட்டில் இருப்பவனைக் கூப்பிட மனசில்லை. கைடு அரைகுறைத் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழப்போகிறாள் என்று நினைத்தேன். "பாதி சோத்துல எழுப்பறதுக்கு அவளுக்கும் மனசு வரல பாரு" என்றாள். அப்புறம் கீழே இறங்கும்வரை உலக்கை எத்தனை கிலோ இருக்கும் என்ற ஆராய்ச்சி. குன்றுகள் மேல் காற்றாலைகள் சுற்றுகின்றன. அப்பாவின் போனில் இவற்றின் போட்டோ நிறைய இருக்கும், எல்லாமே ஓடுகிற வண்டியிலிருந்து எடுத்தது, எல்லாமே கலங்கியிருக்கும்.

சாயங்காலம் ரோட்டோரமாக நிறுத்தி ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். ஊசி போட்டுக் குத்தி, பம்ப் அடித்து, முதலில் மஞ்சளாக எரிந்து புகைந்து, அப்புறம் நீலம் பிடித்தது. குண்டாவில் சோறு, தக்காளி ரசம். கடந்துபோன ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். ரசத்தில் உப்பு இல்லை, இரண்டு பேரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சித்ரதுர்காவோடு திரும்புவதாகத்தான் பேச்சு. காலையில் பையைக் கட்டிக்கொண்டு, தாவணகெரேயில் வெண்ணெய் தோசை நல்லா இருக்குமாமே என்றாள். நோட்டில் இருக்கிறது, "தோசை 60". அவரும் அங்கே தின்றிருக்கிறார், எங்களிடம் சொன்னதே இல்லை. தோசை நன்றாகத்தான் இருந்தது. அம்மா இரண்டு தின்றாள்.

ரீசார்ஜ் விஷயம். நேற்று ராத்திரி முழுக்க இதையே போட்டு உழப்பிக்கொண்டிருந்தேன். 28 நாளைக்குப் போடுவதா 84 நாளைக்குப் போடுவதா. 28 என்றால் அடுத்த மாதம் மறுபடி இந்த யோசனை வரும். 84 என்றால் நவம்பர் வரைக்கும் போகும். போடாமலே விட்டால் கொஞ்ச நாளில் நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், யாரோ ஒருத்தர் எடுத்து ஹலோ என்பார், அம்மா பேசுவாள், பேசுவாள் என்றுதான் தோன்றுகிறது, லைனுக்குப் போயிருக்காருங் என்று அத்தனை சுலபமாகச் சொன்னவள்தானே. தினமும் ஒரு தடவை அவள் அந்த நம்பரைக் கூப்பிடுகிறாள். போன் என் கைப்பையில்தான் சைலண்டில் கிடக்கிறது, மிஸ்டு கால் பார்க்கிறேன். இதை நாங்கள் இதுவரை பேசியதில்லை. இன்று தோசைக் கடையில் நான் பிளான் பார்த்துக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டாள். "டோல்கேட்டுக்கு இருக்கற மாதிரி இதுக்கு வருசத்துக்கு ஒன்னு இல்லியா?"

இருந்தது. போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

ஹூப்ளி. மழை விடவே இல்லை. வைப்பரில் இடது பக்கம் ரப்பர் போய்விட்டது, மாற்ற வேண்டும். விநாயகர் சதுர்த்திக்கு இன்னும் ஒரு வாரம்தான், ரோடு முழுக்கத் தார்ப்பாய் போர்த்திய பிள்ளையார்கள் டெம்போவில் போகிறார்கள். கயிறு கட்டின லட்சணத்தைப் பார்த்து அம்மா குறை சொல்லிக்கொண்டே வந்தாள், உங்கப்பா கட்டினா அசையாது என்று.

அடுத்து நிப்பாணி, அப்புறம் கோலாப்பூர் என்கிறாள். கோலாப்பூரில் அவளுக்கு ஒரு செருப்பு வாங்கி வந்தார், பதினைந்து வருடம் இருக்கும், கடித்தது, ஒரு நாள்கூடப் போடவில்லை. அளவு சரியாகப் பார்த்து ஒன்று வாங்க வேண்டுமாம். நிப்பாணியில் என்ன என்றால் புகையிலை என்கிறாள். அவர் வாயில் புகையிலையைப் பார்த்தாலே வீட்டை இரண்டாக்குகிறவள் இவள்.

எனக்கு லீவு வெள்ளியோடு முடிகிறது. இன்னும் சொல்லவில்லை. ஹூப்ளி பக்கத்திலும் "மா 200" ஒன்று இருக்கிறதாம், பக்கத்தை மடித்து வைத்திருக்கிறாள், காலையில் லாரிப்பேட்டையில் விசாரிக்க வேண்டுமாம். என்ன பேரைச் சொல்லி விசாரிப்பது என்று கேட்டதற்கு முறைத்தாள்.

மேனேஜர் போன். பேசிவிட்டு வந்து எழுதுகிறேன்.